சொல் சென்று சேரும் வழி: கோலார் தங்கவயல் காட்டும் உண்மை



கருத்தைப் பிறருக்கு உணர்த்தும் திறன் தனி வாழ்விலும் பணி வாழ்விலும் ஏன் இன்றியமையாதது என்பது இந்த உரையின் பொருள். இத்திறனைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன் பலருடைய மனத்தில் தோன்றுவது மேடைப் பேச்சாளரின் உருவமே. தங்குதடையற்ற பேச்சு, பிழையற்ற ஆங்கிலம், எடுப்பான குரல், நேர்முகத் தேர்வில் தடுமாறாத விடை ஆகியவையே திறமையின் அடையாளங்கள் என்று கருதப்படுகின்றன. இவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை ஒரு பாதி மட்டுமே. புறப்பட்ட சொல் கேட்பவரிடம் சென்று சேர்ந்ததா, எந்தப் பொருளில் சேர்ந்தது, அவரிடமிருந்து மறுமொழி திரும்பி வர வழி உண்டா என்பவை மற்றொரு பாதி. இந்த இரண்டாம் பாதியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. மறதியின் விலை சில இடங்களில் நேர விரயம். சில இடங்களில் மனக்கசப்பு. சில இடங்களில் மனித உயிர்.

தமிழ் மொழி இந்த இரண்டாம் பாதியை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருக்கிறது. கேள்வி என்ற ஒரே சொல், செவியால் கேட்டு அறிவதையும் குறிக்கும்; ஐயம் தீர வினவுவதையும் குறிக்கும். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்பது பெயர். 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. நாடாள்பவனுக்குரிய இயல்புகளைக் கூறும் பகுதியில் கல்வியை ஒட்டிக் கேள்வி இடம் பெறுகிறது. சொல்வன்மையோ அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்து வருகிறது. பதவி உயர உயரச் செவியின் தேவையும் உயர்கிறது என்று இந்த வரிசையிலிருந்து பொருள் கொள்வதில் தவறில்லை.

இந்த உண்மையை நூல்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. பல மொழி பேசும் மக்கள், ஒருவரை ஒருவர் காண முடியாத ஆழத்தில், ஆபத்தான தொழிலில் 100 ஆண்டுகளுக்கு மேல் இணைந்து பணியாற்றிய ஓர் ஊரின் வரலாற்றில் அது தெளிவாகத் தெரிகிறது. கோலார் தங்கவயலே அந்த ஊர்.

பல மொழிகளின் ஊர்

கர்நாடக மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஆந்திரப் பிரதேசமும் தமிழ்நாடும் நெருங்கி வரும் இடத்தில் தங்கவயல் அமைந்துள்ளது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. 1956இல் மைசூர் மாநில அரசும், பின்னர் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களைத் தம் பொறுப்பில் ஏற்றன. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சுமார் 800 டன் தங்கம் இங்கிருந்து எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது.

நிலத்தடியில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஆதிதிராவிட மக்களே இவர்களில் மிகுதி. சித்தூர்ப் பகுதியிலிருந்து தெலுங்கு பேசுவோர் வந்தனர். அரசு அலுவலகங்களில் கன்னடம் வழங்கிற்று. மேற்பார்வைப் பணிகளில் ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். காவல் பணிக்குப் பஞ்சாபியர் அமர்த்தப்பட்டனர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்ற ஊர்ப்பகுதிப் பெயர்களே இந்தக் கலப்பைச் சொல்லும்.

இத்தகைய இடத்தில் ஓர் உத்தரவு பல கைகள் மாறியே கீழே இறங்கும். பொறியாளரின் ஆங்கிலம் மேற்பார்வையாளர் வழியாக மேஸ்திரியை அடையும். மேஸ்திரியின் வாயில் அது தமிழாகவோ தெலுங்காகவோ மாறும். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு சொல் உதிரும். பெரும்பாலும் முதலில் உதிர்வது ‘ஏன்’ என்ற பகுதியே. ‘இதைச் செய்’ என்பது தொழிலாளியை எட்டும். ‘இதனால் செய்’ என்பது வழியிலேயே நின்றுவிடும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலும் இந்நிலை இருந்தது. அங்கு ஃபனகலோ என்ற கலப்பு மொழி வழங்கிற்று. சூலு மொழியின் சொற்களை அடிப்படையாகக் கொண்டு ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து உருவான அந்த மொழி, பல நாட்டுத் தொழிலாளரைச் சில வாரங்களில் வேலைக்குப் பழக்க உதவியது. ஆனால் அது ஏவலுக்கே ஏற்ற மொழி, விளக்கத்துக்கும் வினாவுக்கும் இடந்தராத மொழி என்ற குறை அதன்மீது தொடர்ந்து கூறப்பட்டு வந்தது. ஏவ மட்டுமே இயலும் மொழியில் பாதுகாப்பைக் கற்பிப்பது கடினம்.

மணியின் இலக்கணம்

தொழிலாளரை நிலத்தடிக்கு இறக்கி ஏற்றும் கூண்டை இயக்குபவர் மேலே ஒரு விசைக்கூடத்தில் அமர்ந்திருப்பார். அவரால் கூண்டையும் காண இயலாது, அதில் ஏறுபவரையும் காண இயலாது. அவருக்கும் கீழே நிற்பவருக்கும் இடையே நூற்றுக்கணக்கான மீட்டர் இருளும் பாறையும் உண்டு. இருவரையும் இணைப்பது மணி ஒலியே.

இந்த மணிக்குக் கண்டிப்பான இலக்கணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கூண்டை நிறுத்த ஒரே ஓர் அடி போதும். அவசரத்தில் மனிதன் செய்யக்கூடிய மிக எளிய செயல், மிக முக்கியமான செய்திக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆட்கள் ஏறப்போகிறார்கள் என்பதை அறிவிக்கத் தனிக்குறி உண்டு. குறிகளின் பட்டியல் சுரங்க வாயிலிலும் விசைக்கூடத்திலும் எல்லாரும் காணும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். யாவற்றினும் சிறந்த விதி ஒன்று உண்டு: வந்த குறி தெளிவாக விளங்காவிட்டால் இயக்குநர் விசையைத் தொடக்கூடாது, குறி மீண்டும் தெளிவாக ஒலிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர் தம் ஊகத்தின்படி நடக்க உரிமையில்லை. ‘விளங்கவில்லை’ என்று நிற்பது அங்கே குறைபாடன்று, கடமை.

சாதாரண அலுவலகங்களில் நிலைமை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மேலதிகாரி சொன்னது விளங்காதபோதும் தலையசைத்துவிட்டு வெளியே வந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் பொருள் கேட்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வகுப்பறையிலும் இதே காட்சிதான். மீண்டும் கேட்டால் அறிவிலி என்று எண்ணுவார்களோ என்ற அச்சமே காரணம். விளங்காமல் தலையசைப்பது, விளங்காத குறிக்குக் கூண்டை நகர்த்துவதற்கு ஒப்பாகும். விளைவு உடனே தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

சுரங்கத்தில் மற்றொரு நடைமுறையும் குறிப்பிடத்தக்கது. தம் ஷிப்டு முடிந்து மேலே வரும் பொறுப்பாளர், தம் பகுதியின் நிலையை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். தங்கவயலின் ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாங்காது வெடித்துச் சிதறுவது உண்டு. ஊரார் இதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றே வழங்கினர். எந்தக் கூரையில் ஓசை கேட்டது, எந்த முட்டு தளர்ந்தது, எந்த வெடி வெடிக்காமல் நின்றது என்ற செய்திகள் அடுத்து இறங்குபவருக்குத் தெரியாவிட்டால், முந்தியவர் பெற்ற அறிவு அவரோடு வீட்டுக்குப் போய்விடும். வாய்ச்சொல் மறக்கப்படலாம், ஏட்டில் உள்ளது நிற்கும். இடமாற்றம் பெற்றுச் செல்லும் அலுவலர் தம் கோப்பில் விட்டுச்செல்லும் குறிப்புக்கும் இதே மதிப்பு உண்டு.

திருப்பிச் சொல்வதும் விளங்கிக்கொள்வதும்

கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும், பிழை நேராது என்று சிலர் கருதலாம். அதுவும் முழுமையன்று என்பதற்கு நம் நாட்டின் வான்வெளியில் நிகழ்ந்த ஒரு துயரம் சான்று. 1996 நவம்பர் 12ஆம் நாள் மாலை, ஹரியாணா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் வானில் மோதின. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய விமானம் 14,000 அடி உயரத்துக்கு ஏற அனுமதி பெற்றிருந்தது. தில்லியை நோக்கி வந்த கசகஸ்தான் விமானம் 15,000 அடி வரை மட்டுமே இறங்க அனுமதி பெற்றிருந்தது. எதிரே வேறொரு விமானம் வருவதும் அதற்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு ஏற்கவும் பட்டது. எனினும் கசகஸ்தான் விமானம் தன் எல்லைக்குக் கீழே இறங்கியது. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர்.

நீதிபதி ஆர். சி. லகோத்தி தலைமையில் நடந்த விசாரணை, கசகஸ்தான் விமானக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறைவையும், குழுவினருக்குள் இருந்த ஒருங்கிணைப்புக் குறைவையும் சுட்டிக்காட்டியது. தரையிலிருந்து வந்த செய்தியைக் கேட்டு மறுமொழி கூறியவர் ஒருவர். விமானத்தை இயக்கியவர் வேறொருவர். சொல் விமானத்தினுள் வந்தது. இயக்கிய கையை முழுமையாகச் சென்றடையவில்லை. இத்தகைய விபத்துகளை மனத்திற்கொண்டு, விமானிகளுக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் தேர்ச்சி விதிகளைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் வகுத்தது. மனப்பாடம் செய்த சொற்றொடர்களோடு நில்லாமல், எதிர்பாராத நிலைமையை எளிய மொழியில் விளக்கும் ஆற்றலும் வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம்.

அலுவலகத்தில் கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர் ஒருவராகவும் செயல்பட வேண்டியவர் மற்றொருவராகவும் இருக்கும் நிலை அன்றாடம் காணப்படுவதே. ‘கிடைக்கப்பெற்றது’ என்ற முத்திரை, தாள் சேர்ந்ததற்குச் சான்று; பொருள் சேர்ந்ததற்குச் சான்று அன்று.

காரணம் சொல்லப்பட வேண்டும்

தங்கவயலின் பாறை சிலிக்கா நிறைந்த பாறை. அதைத் துளையிடும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் குறிப்பு 1934இல் கோலார் சுரங்கங்களிலிருந்தே வந்தது. 1940களில் நடந்த ஓர் ஆய்வில் 7,653 தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர், அவர்களில் 43.7 சதவீதத்தினரிடம் இந்நோய் காணப்பட்டது. ஐந்து பேரில் இருவருக்கு மேல் என்பது இதன் பொருள்.

துளையிடும் இடத்தில் நீரைச் செலுத்தித் தூசியை அடக்குவது இந்நோயைத் தடுக்கும் முறைகளுள் ஒன்று. ஆனால் சிலிக்கோசிஸ் இன்று தூசியைச் சுவாசித்தால் நாளை வரும் நோயன்று. பல ஆண்டுகள் கழித்தே மூச்சு இளைக்கும். மிக ஆபத்தான தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. காசநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படுவதும் உண்டு. இத்தகைய நோய்க்கு எதிராக ‘நீர் விட்டுத் துளையிடு’ என்ற கட்டளை மட்டும் போதாது. மேற்பார்வையாளர் அப்பால் சென்றதும், வேலை விரைவாக முடிய வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டளை கைவிடப்படும் வாய்ப்பு மிகுதி. கண்ணுக்குத் தெரியாத தூசி எவ்வாறு நெஞ்சில் படிகிறது, ஏன் மருந்தால் அதைக் கரைக்க முடியாது என்பதைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவர், யாரும் பார்க்காதபோதும் நீரைத் திறப்பார். கட்டளை ஒருவர் இருக்கும்வரை நிற்கும். காரணம் அவர் போன பின்னும் நிற்கும்.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் வேறு குறிப்பிட்ட மொழிகளிலும் சுரங்கத்தருகே ஒட்டி வைக்க வேண்டும் என்று விதித்தது. 1966ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி விதிகள், சுரங்கத்தில் சேர்பவருக்குப் பயிற்சி அளிப்பதைக் கட்டாயமாக்கின. தொழிலாளிக்குத் தெரிவிப்பது நிர்வாகத்தின் பெருந்தன்மையன்று, சட்டக் கடமை என்பதே இவற்றின் பொருள். ஆயினும் சுவரில் ஒட்டிய தாளைப் படிக்கவும், படித்ததைப் பற்றி வினவவும் நேரமும் துணிவும் கிடைத்தாலன்றிச் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது.

1930ஆம் ஆண்டு காட்டிய உண்மை

மறுமொழிக்கு வழியில்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதை 1930 ஏப்ரலில் தங்கவயல் கண்டது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும் என்ற ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. நிர்வாகத்தின் பார்வையில் அது ஆட்களை அடையாளம் காணும் முறை. தொழிலாளரின் பார்வையிலோ கைரேகை என்பது குற்றவாளிகளிடம் பெறப்படுவது. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் வேறு சுரங்கத்தில் வேலை தேடும் வாய்ப்பையும் அது அடைத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர்.

அந்நாளில் அவர்களுக்கென்று ஏற்பு பெற்ற தொழிற்சங்கம் இல்லை. முறைப்படி குறை சொல்லும் இடமும் இல்லை. முன்னின்று பேசுபவர் அடையாளம் காணப்பட்டு வேலை இழக்கக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. விளைவு, பெயர் சொல்லக்கூடிய தலைவர் ஒருவரும் இல்லாமலேயே ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் சுரங்கங்கள் நின்றன. பதிவு ஏற்பாடு கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து அவசரப்பட்டுத் தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடாது. நிர்வாகம் இன்னும் இனிமையாக விளக்கியிருந்தால் எல்லாரும் ஏற்றிருப்பார்கள் என்பதன்று இதன் கருத்து. தொழிலாளரின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. செய்தித் தொடர்பு என்பது கசப்பு மருந்தின் மீது தடவும் தேன் அன்று. மருந்தே தவறானதாக இருந்தால் அதைச் சொல்லும் வாய்ப்பு நோயாளிக்கு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு முன்கூட்டியே இருந்திருப்பின், மூன்று வாரக் கூலியை இழந்தும், குடும்பங்கள் துன்பமுற்றும் சொல்ல வேண்டியிருந்ததை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து சொல்லியிருக்கலாம். 1940களின் தொடக்கத்தில்தான் மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டத்தின் ஏற்பு கிடைத்தது. செவி திறக்கப்படாத இடத்தில் மௌனமும் ஒரு மொழியாகிவிடும். அந்த மொழியைப் படிக்கத் தெரியாத நிர்வாகம் பெருவிலை கொடுக்கும்.

தொழிலாளர் தேடிக்கொண்ட சொல்

கேட்பாரற்றிருந்த அந்த மக்கள் சொல்லாற்றல் இல்லாதவர் அல்லர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய வார இதழ், பின்னர் ‘தமிழன்’ என்ற பெயர் பெற்றுத் தங்கவயல் தொழிலாளரிடையே பரவியது. அவர் 1914இல் மறைந்தார். 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அவ்விதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை வெளியிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் தங்கவயலில் இயங்கிற்று.

பகலில் பாறை உடைத்த மக்கள் தங்களுக்கென்று அச்சையும் ஏட்டையும் நாடியது ஏன்? பிறர் தங்களைப் பற்றி எழுதியதைக் கேட்டிருந்தவர்கள், தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் உரிமையை விரும்பினர். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, சுற்றியிருப்போர் கேட்கும் வழக்கம் உள்ள சமூகத்தில் ஓர் இதழின் ஒரு படி பல வீடுகளுக்குச் செல்லும். கருத்தை உணர்த்தும் திறன் மனிதனின் தன்மதிப்போடு தொடர்புடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தன் குறையைத் தன் சொல்லில் சொல்லத் தெரிந்தவர் பிறர் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

சுரங்கம் மூடிய பின்

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின் தங்கவயலின் வாழ்க்கை மாறியது. ஒரு தொழிலையே நம்பியிருந்த ஊரின் இளைஞர்கள் வேலை தேடி வெளியே செல்ல வேண்டியவர்களாயினர். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஏறி நாள்தோறும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று திரும்புவோர் ஆயிரக்கணக்கில் பெருகினர்.

தந்தையர் தலைமுறையில் வேலை பெரும்பாலும் குடும்பத்தின் வழியே வந்தது. புதிய தலைமுறை, அறிமுகமற்ற ஒருவர் முன் அமர்ந்து, சில நிமிடங்களில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. இங்குத்தான் மாணவர் பலர் இடறுகின்றனர். நேர்முகத் தேர்வுக்கென மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்கள் முதல் இரண்டு வினாக்கள் வரையே உதவும். மூன்றாவது வினா எதிர்பாராத இடத்திலிருந்து வரும். வினாவை இறுதிவரை கேட்டு, விளங்காவிடில் பணிவாக மீண்டும் கேட்டு, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரே நம்பிக்கையைப் பெறுவார்.

தங்கவயல் இளைஞரிடம் ஒரு செல்வம் உண்டு. வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று பல மொழிகளுக்கிடையே மாறி மாறிப் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி அவர்களுக்குத் தெருவிலேயே கிடைத்துவிடுகிறது. விற்பனை, மருத்துவமனை, போக்குவரத்து, தொழிற்சாலை என எத்துறையிலும் இது பயன்படும். ஆங்கிலம் கற்க வேண்டியதே. ஆனால் அதைக் கற்பதற்காகத் தாய்மொழியில் தெளிவாக எண்ணும் பழக்கத்தை இழந்துவிடலாகாது. தமிழில் ஒரு பொருளைத் தெளிவாக விளக்க இயலாதவர் ஆங்கிலத்தில் அதைத் தெளிவாக விளக்குவது அரிது.

வீட்டின் நான்கு சுவருக்குள்

பணியிடத்தில் சொல்வளம் காட்டும் பலர் வீட்டில் மௌனிகளாகிவிடுகின்றனர். சுரங்கத்திலிருந்து களைத்து வருபவர் தம் இருமலை மனைவியிடம் மறைப்பது, வேலை போய்விடுமோ என்ற கவலையைப் பிள்ளைகளிடம் சொல்லாதிருப்பது போன்றவை அன்பின் பெயரால் நிகழ்கின்றன. ஆனால் மறைக்கப்பட்ட இருமல் மருத்துவரிடம் காலந்தாழ்ந்தே செல்லும். மருத்துவரிடம் சென்றபோதும், எத்தனை ஆண்டு தூசியில் வேலை செய்தார் என்பதைச் சொல்லாவிட்டால் நோயின் காரணம் பிடிபடாது. மருத்துவர் அதைக் கேளாமல் விட்டாலும் இதே விளைவுதான்.

பெற்றோர் பிள்ளைகளிடம் ‘படி’ என்று நாளுக்குப் பத்து முறை சொல்கின்றனர். பாடத்தில் எது கடினமாக உள்ளது என்று ஒருமுறையேனும் கேட்பவர் குறைவு. முன்னது மேலிருந்து கீழிறங்கும் மணி. பின்னது கீழிருந்து மேலெழும் மணிக்குச் செவி கொடுத்தல். இரண்டும் ஒலித்தால்தான் கூண்டு பத்திரமாக இயங்கும்.

அலுவலருக்குரிய பொறுப்பு

வளர்ச்சித் திட்டங்களைச் செயல்படுத்தும் அலுவலருக்கு இவை எல்லாம் நேரடியாகப் பொருந்தும். நல்ல திட்டம் ஒன்று தீட்டப்பட்டு, பணமும் ஒதுக்கப்பட்டு, பயன்பெற வேண்டியவருக்கு அது தெரியாமலேயே ஆண்டு முடிந்துவிடுவதுண்டு. சுற்றறிக்கை சென்றது என்பதோடு தம் கடமை தீர்ந்ததாகக் கருதுவது எளிது. அதைப் படித்த கிராம அலுவலர் விளங்கிக்கொண்டாரா, அவர் சொன்னதை விதவை ஓய்வூதியம் கோரும் மூதாட்டி விளங்கிக்கொண்டாரா என்று அறிய முற்படுவதே நிர்வாகம்.

கர்நாடக அரசின் 2011ஆம் ஆண்டுச் சேவை உறுதிச் சட்டம் இவ்வகையில் கருதத்தக்கது. சகாலா என்ற பெயரில் வழங்கும் இத்திட்டத்தில், விண்ணப்பம் கொடுப்பவருக்கு ஓர் எண்ணுடன் ஒப்புகைச்சீட்டு அளிக்கப்படுகிறது. எத்தனை நாளில் பணி முடிய வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. அந்தச் சிறு சீட்டு, கீழிருந்து எழுந்த மணிக்கு மேலிருந்து திரும்பும் ஒலி போன்றது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேள்வி கேட்பதைக் குடிமகனின் உரிமையாகவே ஆக்கிவிட்டது. சட்டங்கள் வழியைத் திறந்துள்ளன. அவ்வழியில் தெளிவான மொழியும் பொறுமையான செவியும் நடமாடச் செய்வது அலுவலரின் கையில் உள்ளது.

இதற்குப் பெரிய பயிற்சி நிலையங்கள் தேவையில்லை. சில பழக்கங்கள் போதும். எழுதத் தொடங்குமுன் படிக்கப்போகிறவரை மனக்கண்முன் நிறுத்துதல் ஒன்று. ஒரு கடிதத்தில் அவர் செய்ய வேண்டியது என்ன, எந்நாளுக்குள் என்பதை முதலில் கூறுதல் மற்றொன்று. கட்டளையோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுதல், ‘விளங்கியதா?’ என்று கேட்பதற்குப் பதில் ‘என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்டு மறுமொழியிலிருந்து அறிதல், ‘விளங்கவில்லை’ என்பவரைக் கடிந்துகொள்ளாதிருத்தல் ஆகியவையும் அவ்வாறே. கடைசியாகக் கூறப்பட்டதே மிகக் கடினமானது. மிக இன்றியமையாததும் அதுவே. ஒருமுறை கடிந்துகொள்ளப்பட்டவர் மறுமுறை கேட்கமாட்டார். அதன் பின் தவறு நிகழும்வரை அது யாருக்கும் தெரியாது.

தங்கவயலின் கூண்டுகள் நின்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆயினும் அந்தச் சுரங்கத்தின் மணிக்கு இருந்த விதி, அலுவலகத்துக்கும் வகுப்பறைக்கும் இல்லத்துக்கும் இன்றும் பொருந்துவதே. சொல் தெளிவாக இருக்க வேண்டும். விளங்காதபோது கேட்க உரிமை வேண்டும். கேட்பவருக்கு விடையளிக்க ஒருவர் மறுமுனையில் விழித்திருக்க வேண்டும். மாணவர்கள் கேட்கும் துணிவையும், அலுவலர்கள் கேட்டுக்கொள்ளும் பொறுமையையும் வளர்த்துக்கொள்வார்களாயின், நாட்டின் திட்டங்களும் வீட்டின் உறவுகளும் ஒருங்கே வலிமை பெறும்.